ஓடைக் கற்களின் நுண்ணுயிர்ப் படலம்: பன்மையும் பணியும்

முன்னுரை

ஓடையில் கிடக்கும் கல்லைத் தொட்டால் வழுவழுப்பான படலம் ஒன்று கையில் படும். பேச்சு வழக்கில் அதனைப் பாசி என்றே குறிப்பிடுகிறோம். ஆயினும், பாசி அதன் ஒரு பகுதியே. பாக்டீரியா, பூஞ்சை, ஓரணு உயிரிகள் எனப் பல்வகை உயிரினங்கள் அதில் ஒருங்கே வாழ்கின்றன. ஆதலின், இக்கட்டுரையில் அது 'நுண்ணுயிர்ப் படலம்' எனப்படுகிறது. இப்படலம் ஓடைநீரில் ஆற்றும் பணி யாது, அப்பணிக்கு எல்லை உண்டா என்னும் இரு வினாக்களுக்கும் நைட்ரஜனை முன்னிறுத்தி விடை காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

படலத்தின் அமைப்பு

நீரில் அடித்து வரப்படும் பாக்டீரியா கல்லின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு, சர்க்கரைச் சேர்மங்களும் புரதங்களும் கலந்த பசையைச் சுரக்கின்றன. ஓடும் நீர் அவற்றை அடித்துச் செல்லாதவாறு இப்பசை பிடித்து வைக்கிறது. நொதிகளையும் ஊட்டப் பொருள்களையும் தேக்கி வைக்கிறது. பின்னர் டயட்டம், பச்சைப்பாசி முதலியன அங்குக் குடியேறுகின்றன. பாசிகள் ஒளிச்சேர்க்கையால் ஆக்கும் கரிமப் பொருள்களில் ஒரு பகுதி கசிந்து பாக்டீரியாவுக்கு உணவாகிறது. பாக்டீரியா சிதைத்து வெளிவிடும் ஊட்டப் பொருள்கள் பாசிகளுக்குப் பயன்படுகின்றன.

படலத்தின் மேற்பகுதியில் உயிர்வளி மிகுதியாகவும் அடிப்பகுதியில் குறைவாகவும் இருக்கலாம். எனவே, உயிர்வளியை நாடும் உயிரிகளும் அஃதின்றி வாழும் உயிரிகளும் மிகச் சிறிய இடைவெளிக்குள் அடுத்தடுத்து வாழ இயலுகிறது.

பன்மையின் இருப்பிடம்

பெரிய ஆறுகளில்தான் நுண்ணுயிர்ப் பன்மை மிகுந்திருக்கும் எனக் கருதத் தோன்றும். ஆஸ்திரியாவின் இப்ஸ் ஆற்று வலையமைப்பில் 114 ஓடைகளை ஆராய்ந்து 2013ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட ஆய்வு இதற்கு மாறான முடிவைத் தந்தது. ஆற்றின் தொடக்கமாகிய சிற்றோடைகளின் படலங்களில் பாக்டீரியாப் பன்மை மிகுந்தும், கீழ்நோக்கிச் செல்லச் செல்லக் குறைந்தும் காணப்பட்டது. சிற்றோடை கரைமண்ணோடும் நிலத்தடி நீரோடும் நெருங்கிய தொடர்புடையது. அவற்றிலிருந்து நுண்ணுயிர்கள் ஓயாது அதனுள் வந்து சேர்கின்றன.

நைட்ரஜனைக் கையாளும் பணி

உரம், கழிவுநீர் ஆகியவற்றின் வழி ஓடையை அடையும் நைட்ரஜன் இருவகையில் நீரிலிருந்து அகல்கிறது. ஒன்று, உயிரிகள் அதனைத் தம் உடலில் சேர்த்துக்கொள்ளுதல். இது தற்காலிகமானது, உயிரி மடிந்து சிதையும்போது நைட்ரஜன் மீண்டும் நீரில் கலக்கும். மற்றொன்று, உயிர்வளி குறைந்த இடங்களில் சில பாக்டீரியா நைட்ரேட்டைக் கொண்டு சுவாசித்து, அதனை நைட்ரஜன் வளிமமாக மாற்றுதல். இதுவே நிலையான நீக்கமாகும்.

இவ்வழிகளை அளந்தறிய நிறை எண் 15 உடைய நைட்ரஜன் துணைபுரிகிறது. இயற்கை நைட்ரஜனில் இது 0.4 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆதலால், ஓடையில் சிறிதளவு சேர்த்து, அது எங்குச் சென்று சேர்கிறது எனத் தொடர்ந்து காண முடிகிறது. இம்முறையில் வட அமெரிக்காவின் 12 சிற்றோடைகளில் பீட்டர்சன் குழுவினர் நிகழ்த்தி 2001இல் வெளியிட்ட ஆய்வின்படி, நிலத்திலிருந்து வந்த கரைந்த கனிம நைட்ரஜனில் பாதிக்கும் குறைவே கீழ்நோக்கிச் சென்றது. எஞ்சியதைத் தடுத்து வைத்ததில் கற்படலங்களுக்கும் படுகை மண்ணில் வாழும் நுண்ணுயிர்களுக்கும் பெரும்பங்கு உண்டு.

பணியின் எல்லை

மல்ஹாலண்ட் குழுவினர் அமெரிக்காவிலும் புவெர்ட்டோ ரிக்கோவிலும் 8 வட்டாரங்களைச் சேர்ந்த 72 ஓடைகளில் நிகழ்த்திய ஆய்வு 2008இல் வெளிவந்தது. ஒவ்வொரு வட்டாரத்திலும் இயற்கை நிலையில் உள்ளவை, நகர்ப்புறத்தவை, வேளாண் நிலத்தவை என மூவகை ஓடைகள் ஒப்பிடப்பட்டன. நைட்ரேட் செறிவு கூடியபோது நீக்கப்பட்ட மொத்த அளவு கூடியது. ஆனால், வந்த அளவில் நீக்கப்பட்ட விகிதம் குறைந்தது. நாளொன்றுக்கு முப்பது பயிற்சி ஏடுகளைத் திருத்தும் ஆசிரியரிடம் நூறு ஏடுகளைத் தந்தால் அவர் நாற்பதைத் திருத்தக்கூடும். உழைப்பு மிகுந்தும், திருத்தப்படாத ஏடுகளே பெருகும். ஓடையின் நிலையும் இத்தகையதே.

நீக்கப்படாத நைட்ரேட் ஆற்றின் வழியே கடலை அடைகிறது. மிசிசிப்பி ஆறு கலக்கும் மெக்சிகோ வளைகுடாவில் கோடைதோறும் உயிர்வளி குன்றிய பரப்பு தோன்றுவதற்கு இத்தகைய ஊட்ட மிகையே முதன்மைக் காரணமாகும்.

முடிவுரை

ஓடும் நீர் தன்னைத் தானே தூய்மை செய்துகொள்ளும் என்னும் கருத்து ஓரளவே உண்மை. தூய்மை செய்வன பெரிதும் படுகையில் ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள். அவற்றின் ஆற்றலுக்கு எல்லை உண்டு. சிற்றோடையைக் குழாய்க்குள் அடைத்தால் ஒளியும் கரைமண்ணின் தொடர்பும் அறுபட்டு அவ்வாற்றல் மேலும் சுருங்கும். ஆகவே, சிற்றோடைகளைக் காப்பதோடு, அவற்றுள் சேரும் நைட்ரஜனைத் தோற்றுவாயிலேயே குறைத்தலும் வேண்டும். வகுப்பறையில் இதனை விளக்குவோர் 'பாசி' என்னும் சொல்லோடு நின்றுவிடாமல், 'நுண்ணுயிர்ப் படலம்' என்னும் சொல்லையும் உடன் வழங்குவது பொருத்தமாகும். கல்லின் மேல் படிந்திருப்பது அழுக்கன்று, பல உயிரினங்கள் கூடி இயங்கும் சமூகம் என்பதை மாணவர் உணர அச்சொல் துணைசெய்யும்.