ஒரு பங்கு என்ன விலை?

வங்கித் தேர்விலும் அரசுப் பணித் தேர்விலும் பட்டதாரிகளைத் தடுக்கி விழவைப்பது பள்ளிக்கூட விகிதக் கணக்கு. சூத்திரம் மட்டும் போதாது. கேள்வியையும் படிக்க வேண்டும்.

பாடம் ஆறாம், ஏழாம் வகுப்புப் பாடம்தான். எழுதுபவர்கள் பட்டதாரிகள். நடுவில் நிற்பது கடிகாரம்.

வங்கி எழுத்தர் பணிக்காக ஐபிபிஎஸ் நடத்தும் முதல்நிலைத் தேர்வில் 2024இல் கணக்குப் பகுதிக்கு 35 கேள்விகள், 20 நிமிடங்கள். அதாவது கேள்வி ஒன்றுக்கு 34 நொடி. தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போய்விடும். மத்தியப் பணியாளர் தேர்வாணையத்தின் பட்டதாரி நிலைத் தேர்விலும் நிலைமை இதேதான்: முதல் கட்டத்தில் 60 நிமிடங்களுக்கு 100 கேள்விகள், தவறுக்கு அரை மதிப்பெண் அபராதம்.

தில்லி முகர்ஜி நகர் முதல் பாட்னா வரை பயிற்சி மையங்கள் விற்கும் சரக்கு குறுக்குவழி. வயதுக்கு ஒன்று, கலவைக்கு ஒன்று, கூட்டு வணிகத்துக்கு ஒன்று. மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். கேள்வியில் ஒரு சொல் மாறினால் சூத்திரம் கை கொடுப்பதில்லை. உண்மையில் இவை எல்லாமே வேடம் மாற்றி வரும் ஒரே கணக்கு. கேட்க வேண்டியவை இரண்டே: எது மாறவில்லை? ஒரு பங்கு எவ்வளவு?

லாபத்தை இருவர் 3:5 என்ற விகிதத்தில் பிரிக்கிறார்கள். இரண்டாமவருக்கு 4,000 ரூபாய் அதிகம். மொத்த லாபம் என்ன? பழக்க தோஷத்தில் பலரும் 4,000ஐ எட்டால் வகுப்பார்கள். ஆனால் 4,000 என்பது மொத்தம் அல்ல, வித்தியாசம், இரண்டு பங்கு. ஒரு பங்கு 2,000. மொத்தம் 16,000.

அடுத்தது வயது. தந்தை, மகன் வயது இப்போது 4:1. நான்கு ஆண்டுகளில் 3:1. எத்தனை ஆண்டுகள் போனாலும் இருவருக்கும் இடையிலான வித்தியாசம் மாறாது. முதல் விகிதத்தில் அது 3, இரண்டாவதில் 2. இரண்டையும் 6 ஆக்கினால் 8:2, 9:3. இருவருக்கும் ஒரு பங்கு கூடியிருக்கிறது. அதுதான் நான்கு ஆண்டு. ஆக தந்தைக்கு 32, மகனுக்கு 8. ‘எக்ஸ்’ தேவைப்படவே இல்லை.

பால் கணக்கு இன்னும் தந்திரமானது. 40 லிட்டர் கலவையில் பாலும் தண்ணீரும் 3:1. அதை 3:2 ஆக்க எவ்வளவு தண்ணீர் ஊற்ற வேண்டும்? பழைய 40 லிட்டரையே 3:2 எனப் பிரிப்பவருக்கு விடை 6 என்று வரும். கொடுக்கப்படும் நான்கு விடைகளில் ஒன்றாக அந்த 6 காத்திருக்கும். மாறாதது பால்: 30 லிட்டர், மூன்று பங்கு. ஒரு பங்கு 10 என்றால் தண்ணீர் 20 லிட்டர் வேண்டும். ஏற்கெனவே இருப்பது 10. ஊற்ற வேண்டியது 10.

எல்லாம் நேர்விகிதம் என்று நினைப்பதும் ஆபத்து. 12 பேர் 15 நாளில் முடிக்கும் வேலையை 20 பேர் 25 நாளில் முடிப்பார்கள் என்று எழுதிவிட்டு வருபவர்கள் உண்டு. ஆள் கூடினால் நாள் குறைய வேண்டாமா? மாறாதது வேலையின் அளவு: 180 ஆள்-நாள். விடை 9. பாஸ்கரர் 1150இல் எழுதிய ‘லீலாவதி’ நேர் விதியோடு தலைகீழ் விதியையும் தனியாகச் சொன்னது சும்மா இல்லை.

எழுத்தர் பணித் தேர்வை 13 மாநில மொழிகளில் நடத்த மத்திய நிதி அமைச்சகம் 2021இல் பரிந்துரைத்தது. அவற்றில் தமிழும் ஒன்று. மொழிச் சுமை குறைந்தது. ஆனால் படிக்கும் பொறுப்பு குறையவில்லை. ‘முறையே’ என்ற சொல்லைத் தாண்டிப் போனால் யாருடைய பங்கு எது என்பதே தலைகீழாகும். ‘20 குறைந்தது’ வேறு, ‘20 ஆகக் குறைந்தது’ வேறு.

34 நொடியில் ஐந்தை இந்தச் சொற்களுக்குச் செலவிடுபவருக்கு மீதி 29 தாராளம்.