பட்டாசு பில்லும் ஒரு ஸ்பேஸும்: பேட்ச் ஃபைலில் வேரியபிள்

போன எபிசோடில் விண்டோஸ் பேட்ச் ஃபைல்னா என்னன்னு பார்த்தோம். இன்னைக்கு அதுக்குள்ள வேரியபிள் எப்படி வைக்கிறதுன்னு பார்க்கலாம்.

2017 ஜூலை 1 அன்னைக்கு ஜிஎஸ்டி வந்தப்போ பட்டாசுக்கு 28 சதவீதம். அதே வருஷம் நவம்பரில் 18 ஆச்சு. வெம்பக்கோட்டை பக்கம் தாயில்பட்டியில ஒரு சின்ன பட்டாசுக் கடை, பேட்ச் ஃபைல் போட்டு விலைப்பட்டியல் எடுக்குதுன்னு வெச்சுக்குவோம். சரவெடி, புஸ்வாணம், சங்கு சக்கரம்னு 60 ஐட்டம். 60 வரியிலும் 28ன்னு நேரா எழுதியிருந்தா, அத்தனையும் தேடி மாத்தணும். ரெண்டு விட்டுப்போச்சுன்னா, அந்த ரெண்டு ஐட்டத்துக்கும் வாடிக்கையாளர் தலையில 10 சதவீதம் கூடுதல்.

வேரியபிள் இருந்தா ஒரே வரிதான் மாறும்: 'செட் ஜிஎஸ்டி=18'. தனியா டிக்ளேர் பண்ண வேண்டியதில்லை, 'செட்' போட்டதுமே பேரு உருவாகிடும். திரையில காட்டணும்னா பேருக்கு முன்னும் பின்னும் பெர்சன்ட் குறி போடுங்க. அந்த இடத்துல 18ன்னு மாத்தி வெச்சுட்டுத்தான் விண்டோஸ் வரியை ஓட்டும்.

இப்போ வில்லங்கம். மத்த மொழிகள்ல பழகின கை, சமக்குறிக்கு ரெண்டு பக்கமும் ஸ்பேஸ் விட்டுடும். பேட்ச்சில் அந்த ஸ்பேஸும் பேரோட சேர்ந்துடும். 'ஜிஎஸ்டி' வேற, 'ஜிஎஸ்டி-ஸ்பேஸ்' வேற! கணக்குக்கு 'செட் ஸ்லாஷ் ஏ' போட்டு, வெறும் பேரை மட்டும் எழுதினா, இல்லாத பேரை அது பூஜ்யம்னு எடுத்துக்கும். எரர் வராது. பில்லில் வரி பூஜ்யம், அவ்வளவுதான். எனக்குத் தெரிஞ்சு இதைவிட மோசமான மௌனம் கிடையாது.

இன்னொண்ணு இதைவிட நைசானது. அதே கறுப்பு விண்டோவில் முன்னாடி வெச்ச 28 இன்னும் உயிரோட இருக்கலாம். அப்போ பூஜ்யம்கூட வராது, பழைய வரியே வரும். பார்த்தா சரியான பில் மாதிரியே இருக்கும். அதனால ஃபைலின் தொடக்கத்துலயே 'செட்லோக்கல்' எழுதிடுங்க. அதுக்கப்புறம் வெச்ச வேரியபிள் எதுவும் ஃபைல் முடிஞ்சதும் வெளியே தங்காது.

'செட் ஸ்லாஷ் ஏ'வுக்கு முழு எண்தான் தெரியும். 45 ரூபாய்க்கு 18 சதவீதம் 8 ரூபாய் 10 பைசா. அது 8ன்னு மட்டும் சொல்லும். பைசாவில் கணக்குப் போடுங்க: 4500ஐ 18ஆல் பெருக்கி 100ஆல் வகுத்தா 810.

ஃபார் லூப்புக்குள்ள பெர்சன்ட் குறி வேற மாதிரி நடந்துக்கும். அது அடுத்த வாரம்.