தடைக்காலத்தில் தொற்றும் பந்தய நோய்

61 நாளும் 74 மேட்சும்

ஏப்ரல் 15 பிறந்துவிட்டால் ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் துறைகளில் விசைப்படகுகள் நங்கூரம் போட்டு நின்றுவிடும். ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஐபிஎல் சூடு பிடிப்பதும் இதே நாட்களில்தான். 2025இல் மார்ச் 22இல் தொடங்கி ஜூன் 3 வரை 74 மேட்ச் நடந்தது. பகலில் வலை பொத்தலாம், படகைக் கரையேற்றி மராமத்து பார்க்கலாம். மாலை ஏழரைக்கு டாஸ் முடிந்து முதல் பந்து விழும்போது என்ன செய்வது? கடலுக்குப் போகும் நாளில் அந்நேரம் மீனவர் சிக்னல் கிடைக்காத ஆழத்தில் இருந்திருப்பார். இப்போது கையில் செல்போன். அரசு தரும் 8,000 ரூபாய் நிவாரணமும் அதே போனில் இருக்கும் வங்கிக் கணக்கில்தான் வந்து விழுகிறது.

நாட்டுப்படகுக்காரர்களுக்கு இந்தத் தடை கிடையாது. ஆனால் பந்தயம் படகு பார்த்துப் பிடிப்பதில்லை.

செல்போன் ஆப்பில் 49 ரூபாய் கட்டி ‘டீம் போட்ட’ காலத்தை இந்தக் கரையில் பலரும் அறிவார்கள். கேப்டனுக்கு இரட்டிப்புப் புள்ளி, வைஸ் கேப்டனுக்கு ஒன்றரை மடங்கு. இதைக் கணக்குப் போடும்போது மூளைக்கு வேலை கொடுத்த நிறைவு வரும். சூதாடுகிறோம் என்று தோன்றாது. “இது திறமை அண்ணே” என்பார்கள். அந்த நினைப்பைத்தான் நான் முதல் அறிகுறியாக எடுத்துக்கொள்வேன்.

கதவைத் திறந்துவிட்ட ஊர்களின் கணக்கு

சட்டப்படி அனுமதித்து வரி வாங்கினால் தீமை குறையும் என்று ஒரு வாதம் உண்டு. அமெரிக்காவில் அதைச் செய்து பார்த்தாயிற்று. 2018 மே மாதம் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்துக்கு இருந்த தடையை நீக்கியது. 2017இல் 490 கோடி டாலராக இருந்த சட்டப்பூர்வப் பந்தயத் தொகை, 2023இல் 12,110 கோடி டாலரானது. சூதாட்டப் பழக்கத்திலிருந்து மீள உதவி கேட்டு இணையத்தில் தேடுவோர் எண்ணிக்கை எதிர்பார்த்ததைவிட 23 சதவீதம் கூடியதாக 2025இல் ஒரு மருத்துவ இதழ் எழுதியது. செல்போன் பந்தயத்தை அனுமதித்த மாநிலங்களில் சில ஆண்டுகளுக்குள் திவாலாகும் வாய்ப்பு 25 முதல் 30 சதவீதம் உயர்ந்ததாகப் பொருளாதார ஆய்வாளர்கள் கண்டார்கள்.

இவ்வளவு தூரம் போக வேண்டாம். பக்கத்துக் கேரளத்தில் 1967 முதல் லாட்டரி சீட்டை அரசே நடத்துகிறது. அங்கே கல்லூரி மாணவர்களிடம் நடத்தி 2016இல் வெளியான ஆய்வில், சூதாடிப் பார்த்தவர்கள் 19.5 சதவீதம், அது பிரச்சினையாகவே முற்றியவர்கள் 7.4 சதவீதம். அதிகம் பேர் ஆடியது லாட்டரிதான். தமிழ்நாடு 2003இல் லாட்டரியைத் தடை செய்தது நினைவிருக்கும்.

மொத்த உலகையும் சேர்த்துப் பார்த்த ‘லான்செட்’ மருத்துவ இதழின் குழு, 2024இல் ஒரு நுட்பமான கணக்கைத் தந்தது. விளையாட்டுப் பந்தயம் கட்டும் பெரியவர்களில் சுமார் 9 சதவீதம் பேருக்குச் சூதாட்டக் கோளாறு. பதின்ம வயதினரில் அது 16 சதவீதத்தைத் தாண்டுகிறது. அப்பாவின் போனை வாங்கி ஸ்கோர் பார்க்கும் பையன்களை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

விட்டதைப் பிடிக்கிறேன்

பணம் போன பிறகு வரும் இந்த வாக்கியம்தான் நோயின் நடுமுள். எப்போது ஜெயிப்போம் என்று தெரியாமல், எப்போதாவது ஜெயிக்கும்போது மூளையில் டோபமைன் கூடுதலாகச் சுரக்கிறது. தினமும் ஜெயித்தால்கூட இவ்வளவு பிடிப்பு வராது. இன்னொன்று, மயிரிழையில் தோற்பது. கடைசி ஓவரில் ஒரு ரன்னில் போனால், தோல்வியாக எடுத்துக்கொள்ளாமல் ‘கிட்டத்தட்ட ஜெயிச்சிட்டேன்’ என்றே மூளை பதிவு செய்கிறது. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2009இல் ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, ஜெயிக்கும்போது விழித்துக்கொள்ளும் பகுதிகளே அப்போதும் விழித்துக்கொண்டன.

இதெல்லாம் குணக்கேடு இல்லையா என்று கேட்பவர்களுக்கு ஒரு சான்று: நடுக்குவாத நோய்க்குத் தரும் பிரமிபெக்ஸோல் போன்ற சில மாத்திரைகள், வாழ்நாளில் சீட்டுக்கட்டைத் தொடாத பெரியவர்கள் சிலரையும் சூதாட வைத்திருக்கின்றன. மாத்திரையை மாற்றினால் அந்த ஆசை பெரும்பாலும் அடங்கிவிடும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் சூதாட்டத்தை மது, போதை வரிசையில் சேர்த்தது இத்தகைய காரணங்களால்தான்.

சட்டம்

ஆன்லைன் சூதாட்டம் பற்றி ஆராய்ந்த, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு 2022 ஜூனில் அறிக்கை தந்தது. அக்குழுவில் ‘சிநேகா’ அமைப்பை நிறுவிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் இருந்தார். தடை மசோதாவை ஆளுநர் ஒருமுறை திருப்பி அனுப்பி, சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டம் வந்தது. 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றமே பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்தது. நடத்துவோருக்கு 3 ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். இந்த மத்தியச் சட்டத்தில் ஆடுபவருக்குத் தண்டனை இல்லை; தமிழ்நாட்டுச் சட்டத்தில் உண்டு. ஆனாலும் போலீஸ் வருமோ என்று பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். ஆப் மூடியதும் ஆசை மூடிவிடும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். வெளிநாட்டுத் தளங்களும் வாட்ஸ்அப் ஏஜென்ட்டுகளும் இருக்கவே செய்கிறார்கள்.

வீட்டில் இருப்பவர்கள் கேட்க வேண்டியது

சாராய வாசனைபோல இதற்கு வாசனை கிடையாது. மருத்துவர்கள் இரண்டே கேள்வி வைத்திருக்கிறார்கள். பந்தயத் தொகையை மேலும் மேலும் கூட்ட வேண்டும்போல் இருந்ததா? எவ்வளவு போனது என்று வீட்டில் பொய் சொல்ல வேண்டி வந்ததா? ஒன்றுக்கு ‘ஆமாம்’ என்றாலும் மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது.

நம் வீடுகளில் நடப்பது வேறு. விஷயம் வெளியே வந்ததும் தாலிச்செயின் அடகுக்குப் போகும், மகளிர் குழுவில் கடன் எடுப்பார்கள், ‘இனிமே தொடமாட்டேன்’ என்று பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் வாங்குவார்கள். கடன் ஒரே மூச்சில் அடைந்துவிட்டால், மூளைக்கு அதுவும் ஒரு ஜெயிப்புதான்; அடுத்த ஆட்டத்துக்கு வழி பிறந்துவிடும். முதலில் வங்கிக் கணக்கையும் யுபிஐயையும் ஆடியவரின் சம்மதத்தோடு மனைவியோ அம்மாவோ வாங்கி வைத்துக்கொள்ளட்டும். கடனை அவரே கடலுக்குப் போய்க் கிடைக்கும் பங்குக் காசிலிருந்து மாதாமாதம் அடைக்கட்டும். இது கல்நெஞ்சம் போலத் தோன்றும். ஆனால் சிகிச்சையின் ஒரு பகுதியே இதுதான்.

ஒன்றில் மட்டும் தாமதமே கூடாது. ஸ்வீடனில் சூதாட்டக் கோளாறு உள்ளவர்களின் தற்கொலை விகிதம் பொது மக்களைவிட 15 மடங்கு இருந்தது. “நான் இல்லேன்னா கடன் உங்களுக்கு வராது” என்கிற பேச்சை மிரட்டல் என்று தள்ளிவிடாதீர்கள். அவரைத் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

எங்கே போவது

14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. 104லும் பேசலாம். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவைக் கேட்டுப் போகலாம். 2001 ஆகஸ்ட் 6இல் ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்த மாவட்டம் இது. மனநல வைத்தியம் என்றால் சங்கிலி என்ற பயம் இங்கே இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பதில் வியப்பில்லை. இந்த நோய்க்கான சிகிச்சை பெரும்பாலும் உட்கார்ந்து பேசுவதுதான்: எந்த நேரத்தில் கை போனுக்குப் போகிறது, அப்போது மனதில் என்ன ஓடுகிறது, அந்த அரை மணி நேரத்தை வேறெப்படிக் கடத்துவது. சிலருக்கு நால்ட்ரெக்ஸோன் மாத்திரையும் தருவதுண்டு.

போகும்போது வங்கிப் பாஸ்புக்கைப் பதிந்து கையோடு எடுத்துப் போங்கள். எவ்வளவு போனது என்று மருத்துவர் கேட்டால், ஆடியவர் வாயிலிருந்து வருவது பெரும்பாலும் பாதித் தொகைதான்.