வேண்டினார்க்கு மட்டும்

செய்தி உரைக்கும் முறை மூவகைப்படும். ஒருவர்க்கு ஒருவர் உரைத்தல் ஒன்று. அவையில் உள்ளார் யாவர்க்கும் உரைத்தல் மற்றொன்று. கேட்க விரும்பிச் சேர்ந்தார்க்கு மட்டும் உரைத்தல் பிறிதொன்று. கணினி வலையமைப்பிலும் இம்மூன்றும் உள. மூன்றாவதனை மல்ரிகாஸ்ற் என்பர்; யாம் ஈண்டுக் குழுவிடுகை என வழங்குவோம்.

இதனை இணையத்துக்கு வகுத்தவர் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்த ஸ்டீவ் டீரிங். அவரது விதிநூல் 1989 ஓகஸ்ற் மாதத்தில் வெளிவந்தது. 224 முதல் 239 வரையுள்ள எண்களில் தொடங்கும் முகவரிகள் குழுக்களுக்கு உரியன. அனுப்புவோன் ஒருமுறையே அனுப்புகின்றான். கேட்போர் பதின்மராயினும் ஆயிரவராயினும் அவன் சுமக்கும் பாரம் ஒன்றே. 1992 மார்ச்சில் சான் டியேகோ நகரிற் கூடிய இணையப் பொறியியலாளரின் பேச்சொலி இம்முறையால் மூன்று கண்டங்களிற் கேட்கப்பட்டது.

இனி, ஒரு கட்டடத்தினுள் கணினிகளை இணைக்கும் சுவிற்ச் என்னும் ஆளியை நோக்குவோம். எக்கணினி எவ்வாயிலில் உளது என்பதை அனுப்புநர் முகவரியைக் கொண்டே ஆளி கற்கின்றது. குழுமுகவரியோ அனுப்புநர் இடத்தில் ஒருபோதும் வாராதது. ஆகவே குழுவிடுகையை எங்குச் செலுத்துவதென அறியாது ஆளி எல்லா வாயில்களிலும் கொட்டிவிடும். செக்கனுக்கு 5 மெகாபிற் அனுப்பும் கமராக்கள் இருபது இருப்பின், 100 மெகாபிற் வாயில் முற்றாக அடைபடும். காட்சியை வேண்டாத அச்சுப்பொறியும் அவ்வெள்ளத்தில் மூழ்கும்.

இதற்கு மருந்து ஒட்டுக்கேட்டல். மாந்தர்க்கு அஃது இழுக்கு, ஆளிக்கோ கடமை. வலையமைப்பில் வினாவுவோன் ஒருவன் 125 செக்கனுக்கு ஒருமுறை, “எக்குழுவை யார் வேண்டுகிறீர்?” என யாவரையும் கேட்பான். வேண்டுவோர் 10 செக்கனுக்குள் விடை தருவர். இடையிலுள்ள ஆளி அவ்விடை வந்த வாயிலைக் குறித்துக்கொண்டு, பின்னர் அவ்வாயிலுக்கே அக்குழுவின் செய்தியை விடும். பழைய விதிகளின்படி, ஒருவன் விடையைக் கேட்ட மற்றவன் தான் வாய்திறவாது இருந்துவிடுவான். நல்ல பண்புதான், ஆயினும் பேசாதவன் இருக்கும் வாயிலை ஆளி அறியாது போகும். ஆதலின், ஒருவர் விடையை மற்றையோர் கேளாதவாறு வினாவுவோன் பக்கத்துக்கு மட்டுமே ஆளி அனுப்புதல் வேண்டும். 2002 இல் வந்த மூன்றாம் பதிப்பு அம்மௌனத்தை நீக்கிவிட்டது.

வினாவுதல் வழக்கமாக வழிப்படுத்தியின் தொழில். சிறு வலையமைப்புக்களில் அஃது அப்பணியை மேற்கொள்ளாதிருத்தல் உண்டு. அங்கு நிகழும் விந்தையைச் சற்று விரித்துரைப்போம். காட்சி தொடங்கும், திரையிலே தெளிவாகவும் தெரியும். நான்கு நிமிடங்களுக்குச் சற்று மேலானதும் நின்றுவிடும். கருவியை நிறுத்தி மீள இயக்கினால் மறுபடியும் அவ்வளவு நேரமே ஓடும். கமராவின்மீது ஐயம், கம்பியின்மீது ஐயம். காரணமோ எளிது. குழுவிற் சேரும்போது கருவி தானாகவே அறிவிக்கும். ஆளி அதனைக் குறிக்கும். பின்னர் வினா இன்மையால் விடையும் இல்லை. இயல்பான அளவுகளின்படி, இரு வினாக்காலமும் ஒரு விடைக்காலமும் சேர்ந்த 260 செக்கன் கழிந்ததும், “இங்கு எவரும் இலர்” என ஆளி அக்குறிப்பை அழித்துவிடும்.

இந்நிலையிற் பலர் செய்வது ஒட்டுக்கேட்டலையே நிறுத்திவிடுதல். காட்சி ஓடும், வெள்ளமும் திரும்பும். அதனை யாம் மருத்துவம் என ஒப்பமாட்டோம். ஆளிகளுள் ஒன்றையே வினாவுவோனாக நியமித்து, அதற்கு ஒரு முகவரியும் கொடுத்தலே முறை. இருவர் வினாவப் புகின் சிறிய முகவரி உடையவன் தொழிலை ஏற்க, மற்றவன் ஒதுங்கிக்கொள்வான். ஓராளியைப் பல வலைகளாகப் பகுத்திருப்பின், குழுவிடுகை ஓடும் ஒவ்வொரு பகுதிக்கும் தனி வினாவுவோன் வேண்டும்.

முகவரித் தெரிவிலும் ஓர் இடர் உண்டு. ஈதர்நெற் முகவரியில் குழு எண்ணின் கடைசி 23 பிற்றுக்களே இடம்பெறுதலின், 32 குழுக்கள் ஒரே முகவரியைப் பெறும். 224.0.0 எனத் தொடங்குவன வழிப்படுத்திகள் தம்முள் உரையாடுவதற்கும் பிறவற்றுக்கும் உரியன; அவற்றை ஆளி தடுத்தல் ஆகாது. 239.0.0 எனவும் 239.128.0 எனவும் தொடங்குவன அவற்றோடு கலந்துவிடுதலின், ஈதர்நெற் முகவரியை மட்டும் நோக்கும் ஆளிகள் அவற்றையும் எங்கும் கொட்டும். அவ்விரண்டையும் கமராக்களுக்கு வழங்காது விடுக.