தாயகம் திரும்பும் குடும்பமும் மகளின் பள்ளியும்

வளைகுடா நாடுகளில் பல்லாண்டு வாழ்ந்து தாயகம் திரும்பும் குடும்பங்களில், கொண்டுவந்த பெட்டிகளை அவிழ்க்கும் முன்னரே எழும் கேள்வி ஒன்றுண்டு. "பெண் பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது?" என்பதே அது. அண்மைக் காலத்தில் இக்கேள்வியைக் கேட்கும் இல்லங்கள் பெருகின. சவூதி அரேபியாவில் 2017 ஜூலைத் திங்கள் முதல், அயல்நாட்டுப் பணியாளரின் குடும்பத்தார் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் விதிக்கப்பட்டது. ஆண்டுதோறும் உயர்ந்து 2020இல் அது 400 ரியால் ஆயிற்று. மனைவியும் மூன்று மக்களும் உடனிருந்தால் மாதம் 1,600 ரியால்! நடுத்தர ஊதியக்காரர் எவ்வாறு தாங்குவார்? எனவே வாப்பா அங்கேயே தங்க, உம்மாவும் பிள்ளைகளும் ஊர் திரும்பும் நிலை பல வீடுகளில் ஏற்பட்டது.

ஆண் பிள்ளைக்குப் பள்ளி தேடுவதில் நம்மவர் அதிகம் தயங்குவதில்லை. பெண் பிள்ளை என்றதும், "தனிப் பெண்கள் பள்ளியாக இருக்க வேண்டும், காலையில் சென்று மாலையில் வீடு திரும்புவதாக இருக்க வேண்டும்" என்கின்றனர். இந்த விருப்பத்தில் குறை காண ஏதுமில்லை. ஆயினும், பெண்கள் பள்ளி என்பது மட்டுமே போதுமா என்பதை நாம் நிதானமாகச் சிந்தித்தல் வேண்டும்.

தனி இடம் எதற்காக?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அவையில் ஆண்களே நிறைந்திருந்த காரணத்தால், தங்களுக்கென ஒரு நாளை ஒதுக்கித் தருமாறு பெண்கள் வேண்டினர். அண்ணலாரும் அதற்கு இசைந்து, அவர்களுக்கெனத் தனி நாள் குறித்து அறிவுரை வழங்கினார்கள். அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுத்துக் கற்பித்தவர் ஷிஃபா (ரலி) என்னும் பெண்மணியே. இவற்றிலிருந்து நாம் அறிவது யாது? தனி நாளும் தனி இடமும் கேட்கப்பட்டவை கல்விக்காகவே. கல்வியை நிறைவாகப் பெறுதற்கு வழியாகத்தான் அந்தத் தனிமை அமைந்தது. மதில் இருக்கிறது, ஆனால் மதிலுக்குள் கல்வி பாதியில் நின்றுவிடுகிறது என்றால், அந்த மதிலால் பயன் என்ன?

ஒரு குடும்பம் கற்ற பாடம்

நாமறிந்த குடும்பம் ஒன்று 2022இல் தம்மாமிலிருந்து தங்கள் கடற்கரை ஊருக்குத் திரும்பியது. மூத்த மகள் ஒன்பதாம் வகுப்பில் சேர வேண்டியவள். அறிவியலில் மிகுந்த நாட்டமுடையவள். மருந்தியல் படிக்க வேண்டும் என்பது அவளது ஆசை. ஊரிலேயே தனியார் பெண்கள் பள்ளி ஒன்று இருந்தது. தம்மாமிலிருந்த வாப்பா அதன் படங்களைக் கைப்பேசியில் பார்த்தார். உயர்ந்த மதில், வாயிற்காவலர், வரிசையாகச் செல்லும் மாணவியர், ஆசிரியர் அனைவரும் பெண்கள். "போதும், இதிலேயே சேர்த்துவிடு" என்றார். வாப்பும்மாவுக்கும் மகிழ்ச்சி, வீட்டிலிருந்து நடந்து போகும் தொலைவுதானே!

ஈராண்டு இனிதே கழிந்தது. 2024இல் அப்பெண் பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண்களுடன் தேறினாள். அதன் பின்னரே அக்குடும்பத்தார் ஓர் உண்மையை உணர்ந்தனர்: அப்பள்ளியில் பதினோராம் வகுப்பு இல்லை. பள்ளி அதை மறைக்கவில்லை. இவர்கள்தாம் கேட்கவில்லை. அடுத்த ஊரின் பெண்கள் மேனிலைப் பள்ளிக்கு ஓடினர். அங்கு அறிவியல் பிரிவின் இடங்கள் நிரம்பிவிட்டன. வணிகவியல் பிரிவில்தான் இடம் இருந்தது. "பத்து வரை படித்தது போதாதா? நல்ல இடமாகப் பார்த்து முடித்துவிடலாமே" என்று உறவினர் பேசத் தொடங்கினர். பதினைந்து வயதுப் பெண் குழந்தை அதைக் கேட்டவாறு அறைக்குள் அமர்ந்திருந்தாள்.

அவளுடைய உம்மா அசையவில்லை. "என் மகள் படிப்பாள்" என்ற ஒரே சொல்லில் நின்றார். ஓராண்டு வீணாயிற்று. 2025இல் அடுத்த ஊர்ப் பள்ளியிலேயே அறிவியல் பிரிவில் இடம் கிடைத்தது. இன்று அவள் பள்ளி வாகனத்தில் போய் வருகிறாள். அந்த உம்மா உறுதியுடன் நிற்காதிருந்தால் என்னவாகியிருக்கும்? பத்தாம் வகுப்போடு நிற்கும் பள்ளி, அப்பெண்ணின் படிப்பையும் அங்கேயே நிறுத்தியிருக்கும்.

வெளிவாயிலைப் பாருங்கள்

ஆகவே, பள்ளியைத் தேர்பவர் அதன் நுழைவாயிலைப் பார்ப்பதோடு அமையாமல், அதன் வெளிவாயிலையும் பார்த்தல் வேண்டும். அப்பள்ளியில் படித்து முடித்த பெண்கள் இன்று எங்கே இருக்கின்றனர்? எத்தனை பேர் கல்லூரி சென்றனர்? பன்னிரண்டாம் வகுப்பு வரை உண்டா? உண்டெனில் எந்தெந்தப் பாடப் பிரிவுகள் நடைபெறுகின்றன? கணிதமும் உயிரியலும் கற்பிக்க ஆசிரியர் உளரா? ஆய்வுக்கூடம் பூட்டிக் கிடக்கிறதா, மாணவியர் கைபட்டுப் பழகியிருக்கிறதா? இவற்றை நேரில் கேட்டும் கண்டும் அறிதல் வேண்டும்.

கல்லூரிக்கு வழியில்லையே என்ற காலம் மலையேறிவிட்டது. நீதிபதி பஷீர் அகமது சயீத் அவர்களின் முயற்சியால் சென்னையில் 1955இலேயே பெண்கள் கல்லூரி தோன்றியது. கீழக்கரையில் தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரி 1988இல் தொடங்கப்பெற்றது. கல்லூரிகளின் கதவுகள் திறந்திருக்கின்றன. அக்கதவு வரை மகளைக் கொண்டு சேர்க்கும் பள்ளியா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

பாடத்திட்டமும் தாய்மொழியும்

வளைகுடாவில் நம் பிள்ளைகள் பலர் படிப்பது மத்திய வாரியப் பாடத்திட்டம். அங்கு ஏப்ரலில் கல்வியாண்டு தொடங்கும். தமிழகத்தின் மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளிலோ ஜூன் மாதத்தில். மத்திய வாரியத்தில் ஒன்பதும் பத்தும் இணைந்த ஈராண்டுப் படிப்பு. பதினொன்றும் பன்னிரண்டும் அவ்வாறே. இடையில் பள்ளி மாறுவதற்குக் கட்டுப்பாடுகள் மிகுதி. எனவே எட்டாம் வகுப்பு முடிவிலோ பத்தாம் வகுப்பு முடிவிலோ ஊர் திரும்புவது பிள்ளைக்கு நலம் பயக்கும்.

நெடுங்காலம் அயல்நாட்டில் இருந்தோர் பலர், மெட்ரிகுலேஷன் பள்ளியில் வேறு பாடத்திட்டம், வேறு தேர்வு என்றே இன்றும் எண்ணுகின்றனர். 2010-11இல் தொடங்கி நடைமுறைக்கு வந்த சமச்சீர்க் கல்வியால் அந்த வேறுபாடு நீங்கிவிட்டது. பெயர்ப்பலகையில் உள்ள சொல்லை நம்பி மிகுபணம் கட்டுவதற்கு இனி நியாயம் இல்லை.

மற்றொன்று தமிழ். 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தமிழ் படிப்படியாகக் கட்டாயப் பாடமாகி, 2015-16இல் பத்தாம் வகுப்பை எட்டியது. அரபும் இந்தியும் படித்துவிட்டு வரும் நம் பிள்ளை வீட்டில் தமிழ் பேசுவாள். ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுவாள். ஒன்பதாம் வகுப்பில் அமர்ந்து அகர முதல எழுத்துகளைக் கற்பது அவளுக்கு எத்துணை நாணம் தரும்! இவ்வாறு வரும் மாணவியருக்குத் தனியே தமிழ் கற்பிக்க ஏற்பாடு உண்டா என்று கேளுங்கள். அதைவிடச் சிறந்தது, அயல்நாட்டில் இருக்கும்போதே நாள்தோறும் அரைமணி நேரம் உம்மா அமர்ந்து தமிழ் எழுதப் பழக்குவதாகும். மேனிலை வகுப்புகளில் மொழிப்பாடமாக அரபியைத் தேர்ந்துகொள்ளவும் மாநிலப் பாடத்திட்டத்தில் இடமுண்டு. பள்ளியில் அதற்கு ஆசிரியர் இருத்தல் வேண்டும்.

சான்றிதழ்கள்

மாற்றுச் சான்றிதழை அந்நாட்டுக் கல்வித் துறையிலும் இந்தியத் தூதரகத்திலும் உறுதிப்படுத்திக் கொண்டு புறப்படுதல் நன்று. பிறப்புச் சான்றிதழ், கடவுச்சீட்டு, மாற்றுச் சான்றிதழ் மூன்றிலும் பெயரும் எழுத்தும் ஒன்றுபோல் இருத்தல் வேண்டும். ஓர் எழுத்துப் பிழைக்காகப் பின்னாளில் அலைந்தவர் பலர். தமிழகத்தில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு 2007இல் வந்தது. அதற்குச் சாதிச் சான்றிதழும், அயல்நாட்டில் படித்த ஆண்டுகள் இருப்பின் பிறப்பிடச் சான்றிதழும் தேவைப்படும். கல்லூரி சேரும் நாளில் ஓடாமல், பள்ளியில் சேரும்போதே வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பித்தல் அறிவுடைமை.

கண்ணுக்குத் தெரியாதவை

தனியார் பள்ளிகளின் கட்டணத்தை ஒழுங்குபடுத்தத் தமிழகத்தில் 2009இல் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி அரசு அமைத்த குழு அந்தப் பள்ளிக்கு நிர்ணயித்த தொகை எவ்வளவு என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் இரசீது பெறுங்கள். "வளைகுடாக்காரர்" என்ற பெயருக்காக மிகுதியாகக் கொடுப்பது பெருமை ஆகாது.

2012இல் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி உயிரிழந்தாள். அவ்வாண்டே பள்ளி வாகனங்களுக்குத் தனி விதிகள் வகுக்கப்பட்டன. ஆதலால் வாகனத்தில் ஒருமுறை ஏறிப் பாருங்கள். உதவியாளராகப் பெண் ஒருவர் வருகிறாரா என்றும் கேளுங்கள். கழிவறையை உம்மாமார் நேரில் காணுதல் வேண்டும். தூய்மையற்ற கழிவறைக்கு அஞ்சி, காலை முதல் மாலை வரை தண்ணீர் அருந்தாமலே இருக்கும் பெண் குழந்தைகள் உண்டு. அவர்கள் இதை வீட்டில் சொல்வதில்லை. தலைமறைப்புக்கு அனுமதி உண்டா என்பதையும் சேர்ப்பதற்கு முன்னரே தெளிவாகக் கேட்டறிதல் வேண்டும். சேர்த்தபின் மன வருத்தம் கொள்வதற்கு இடம் வைக்கலாகாது.

கட்டணம் வாங்கும் பள்ளியே உயர்ந்தது என்ற எண்ணமும் சரியன்று. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தோருக்கு மருத்துவக் கல்வியில் 7.5 விழுக்காடு இடம் 2020இல் ஒதுக்கப்பட்டது. தனியார் பள்ளி மாணவியருக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஊரில் நல்ல அரசுப் பெண்கள் மேனிலைப் பள்ளி இருப்பின், அதையும் ஒருமுறை சென்று பார்த்துவிட்டு முடிவு செய்வதே நேர்மை.

மாலையில் திரும்பும் மகள்

விடுதியில் சேர்க்காமல் நாள்தோறும் வீடு திரும்பும் பள்ளியை நாம் விரும்புவதற்குக் காரணம் உண்டு. பழகிய தோழியரைப் பிரிந்து, வாப்பாவையும் பிரிந்து வந்த பிள்ளைக்கு, மாலையில் உம்மாவின் மடியும் வாப்பும்மாவின் கதையும் வேண்டும். ஓதுவதற்கும் ஓய்வதற்கும் பொழுது வேண்டும். பள்ளி விட்டதும் தனிப்பயிற்சி, அது முடிந்ததும் மற்றொரு வகுப்பு என்று இரவு வரை அவளை ஓட்டினால், வீட்டிலிருந்தும் அவள் விடுதிப் பிள்ளையே ஆவாள்.

இறுதியாக ஒன்று. கடல் கடந்திருக்கும் வாப்பாமார், படத்தைப் பார்த்து முடிவு கூறாமல், நேரில் சென்று காணும் உம்மாவின் சொல்லுக்குச் செவிசாய்த்தல் வேண்டும். சேர்ப்பதற்கு முன் மகளையும் உடன் அழைத்துச் சென்று, "உனக்குப் பிடித்திருக்கிறதா? நீ படிக்க விரும்புவது இங்கே கிடைக்குமா?" என்று கேளுங்கள். நாம் கூறிய அந்தக் குடும்பத்தில், அக்கேள்வியை 2022இலேயே கேட்டிருந்தால், அப்பெண் அன்றே பதில் கூறியிருப்பாள், ஓராண்டும் வீணாகியிராது.

நம் பெண்மக்களின் கல்வியை இடைவழியில் நிற்கவிடாமல், அதன் எல்லை வரை கொண்டு சேர்க்கும் உறுதியை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக!