பகுதிநேரப் படை விமானிகள்: இந்தியாவில் சட்டம் உண்டு, படைப்பிரிவு இல்லை

திருப்பதி: ரேணிகுண்டாவில் பயணிகள் விமானத்தைத் தரையிறக்கும் விமானி, அடுத்த மாதம் படை விமானம் ஓட்ட அழைக்கப்படும் நிலை இந்தியாவில் இல்லை. அமெரிக்காவில் இது வழக்கமானது. அங்கு விமானப்படை ரிசர்வ் விமானிகள் பலர் ஏர்லைன்ஸ் பணியில் இருந்தபடியே மாதந்தோறும் பயிற்சி பெறுகின்றனர். அரசு ஆணையிட்டால் மாதக்கணக்கில் முழுநேரப் பணியாற்ற வேண்டும். திரும்பியதும் பணிமூப்பு குறையாமல் வேலை தர வேண்டும் என்கிறது அந்நாட்டின் 1994ஆம் ஆண்டுச் சட்டம்.

இந்தியாவில் 1952ஆம் ஆண்டின் ரிசர்வ் மற்றும் துணை விமானப்படைகள் சட்டம் இதற்கெனவே இயற்றப்பட்டது. அதன்படி தொடங்கப்பட்ட பகுதிநேரப் படைப்பிரிவுகள் பின்னர் வழக்கமான விமானப்படையுடன் இணைக்கப்பட்டன.

எனவே சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் வேலையில் இருப்போர் பகுதிநேரமாகச் சீருடை அணிய விரும்பினால், இன்றுள்ள முக்கிய வழி பிராந்திய ராணுவம். அதிகாரி பதவிக்கு வயது 18 முதல் 42 வரை. பட்டப்படிப்புடன் வருமானம் தரும் வேலையும் அவசியம். விமானிகளும் விண்ணப்பிக்கலாம், ஆனால் விமானம் ஓட்டும் பணி கிடைக்காது.

அழைப்பு வெறும் ஏட்டளவிலானது அல்ல. 2025 மே மாதம் இப்படையினரைப் பணிக்கு அழைக்க ராணுவத் தலைமைத் தளபதிக்கு மத்திய அரசு அதிகாரம் அளித்தது. 32 காலாட்படைப் பட்டாலியன்களில் 14 அதில் குறிப்பிடப்பட்டன.

பணி முடிந்து திரும்புவோரை முந்தைய நிலைக்குக் குறையாத வேலையில் அமர்த்துவது நிறுவனத்தின் சட்டப்படியான கடமை. மறுத்தால் ஆறு மாத ஊதியத்துக்கு மிகாத இழப்பீடு விதிக்கலாம். வேலையையே இழப்பவருக்கு அது சிறு தொகைதான்.