வறுத்த பயறு முளைக்கும்... செத்த கம்ப்யூட்டர்?

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பாலுசெட்டிசத்திரம் பக்கத்தில் இருக்கிறது திருப்புட்குழி. ஜடாயுவுக்கு ராமர் ஈமக்கிரியை செய்த தலம் என்பார்கள். இங்கே மரகதவல்லித் தாயார் அருளால் வறுத்த பயறுகூட முளைக்கும் என்பது நம்பிக்கை. அப்பேர்ப்பட்ட ஊரில் ஒரு கம்ப்யூட்டருக்கு அவசர அவசரமாக ஈமக்கிரியை பார்த்தார்கள்!

பட்டு நெசவாளர் வீட்டு மெஷின். சேலை ஆர்டர் கணக்கு, பையனின் பி.காம். பாடம் எல்லாம் அதில்தான். 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு நின்றது. விண்டோஸ் 11-ஐ அந்தக் கிழட்டு மெஷின் ஏற்கவில்லை. பையன் சமர்த்தாகக் காப்பி எடுத்துக்கொண்டு லினக்ஸ் போட உட்கார்ந்தான். முதல் தடவை 30 சதவீதத்தில் உறைந்தது. அடுத்த தடவை 70. அப்புறம் கறுப்புத் திரை.

"மதர்போர்டு அவுட். புதுசு வாங்கிடுங்க" என்றார் ஒரு கடைக்காரர், மூடியைக்கூடத் திறக்காமல். புதுசு என்றால் வட்டிக்குக் கடன்.

"தம்பி, விண்டோஸ் ஓடிச்சே! லினக்ஸ்தான் சரியில்லையோ?" என்றார் நெசவாளர்.

"அண்ணே, ஜக்கார்டு அட்டையில ஒரு ஓட்டை தப்பா இருந்தா?"

"பூ திரும்பி வர்றப்பல்லாம் அதே எடத்துல தப்பு வரும்."

"பாவு இழை நைஞ்சிருந்தா?"

"அது எங்க வேணா அறும்."

விஷயம் அவ்வளவுதான் சார். ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் நின்றால் பென் டிரைவில் ஏற்றிய காப்பியைச் சந்தேகப்படுங்கள். செக்சம் ஒத்துப்போகிறதா பாருங்கள். தடவைக்கு ஓரிடம் என்றால் ஹார்டுவேர், அதிலும் முதலில் ராம். விண்டோஸ் ஓடியதில் ஆச்சரியமில்லை. கெட்ட மூலையை அது அதிகம் தொடாமல் இருந்திருக்கும். இன்ஸ்டாலேஷனோ ஜி.பி. கணக்கில் சுருக்கி வைத்த ஃபைல்களை விரிக்கிற வேலை. ஒரே ஒரு பிட் புரண்டாலும் கதை கந்தல்.

இது பழைய வியாதி. 1990-களில் லினக்ஸ் கெர்னலை கம்பைல் செய்யும்போது 'சிக்னல் 11' என்று பாதியில் படுத்துக்கொள்ளும். பெரும்பாலும் ஹார்டுவேர்தான் காரணம் என்று ரோஜியர் வோல்ஃப் என்பவர் கேள்வி-பதிலாகவே எழுதி வைத்தார். ராமைச் சோதிக்க 1994-ல் கிறிஸ் பிரேடி எழுதியது மெம்டெஸ்ட்86. அதன் வாரிசுகள் இன்றும் இலவசம். பல லினக்ஸ் பென் டிரைவ்களின் தொடக்க மெனுவிலேயே இருக்கும்.

ஓட விட்டோம். இருபது நிமிஷத்தில் சிவப்புக் கோடுகள்! இரண்டு 4 ஜி.பி. ராமில் ஒன்றைக் கழற்றினோம். மற்றது இரவு முழுக்க சுத்தம். கழற்றியதை ரப்பரால் துடைத்து, ஸ்லாட் மாற்றிச் செருகினாலும் சிவப்பு கூடவே வந்தது. ஆக, ஸ்லாட் நிரபராதி. (ராமில் தப்பில்லை என்றால் விசிறித் தூசி, ஹார்டு டிஸ்க், பவர் சப்ளை என்று விசாரணை தொடரும். கரண்டைப் பிடுங்கிவிட்டுத் திறங்கள், புண்ணியமாகப் போகும்!)

மிச்சமிருந்த 4 ஜி.பி.யில் லினக்ஸ் ஒரே மூச்சில் ஏறியது. இன்னொரு பழைய ராம் வாங்கப் பையன் அடுத்த வாரம் சென்னை ரிச்சி தெருவுக்குப் போகிறான். வந்ததும் முதலில் மெம்டெஸ்ட், அப்புறம்தான் காபி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.